மூன்றாம் நாள் மஞ்சள்: கிளினிக் வரிசையில் ஐந்து பேர், ஐந்து பதில்

உப்புவெளிக்காரி | திங்கள், இரவு 8.10

எனக்கு இது 33ஆவது வாரம். தலைப்பிள்ளை. இன்று காலை இரண்டு விஷயங்கள் நடந்தன, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலாவது, பக்கத்து வீட்டில் நாலு நாள் பிள்ளையைப் பார்க்கப் போனேன். பத்து மணி வெயில். உப்புவெளி வெயில் எப்படிப்பட்டது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காலையில் போட்ட கருவாடு மாலையில் திரும்பிப் படுக்கும். அந்த வெயிலில், விறாந்தைப் படியில், சுளகின் மேல் துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். “கொஞ்சம் செங்கண்மாரி, வெயிலில் பிடித்தால் இறங்கிவிடும்” என்றார் அப்பம்மா. பிள்ளை நல்ல நித்திரை. இரண்டு நாளாக இப்படித்தான், பாலுக்குக்கூட அழாத பிள்ளை என்று பெருமையாகச் சொன்னார்.

இரண்டாவது, அங்கிருந்து கிளினிக் போனேன். வரிசையில் என்னோடு இருந்த ஐந்து பெண்களிடம் பிள்ளைக்கு ஏன் மஞ்சள் வருகிறது என்று கேட்டேன். ஒருவர் தாய் பூசணிக்காய் அதிகம் சாப்பிட்டால் வரும் என்றார். ஒருவர் அது தொற்றும், மூத்த பிள்ளையைப் பக்கத்தில் விடக்கூடாது என்றார். மூன்றாமவர் சீம்பாலின் மஞ்சள்தான் உடம்பில் ஏறுகிறது, அதைப் பீய்ச்சி ஊற்றிவிடவேண்டும் என்று தன் மாமியார் சொன்னதாகச் சொன்னார். நாலாமவர் ஒரே சொல்லில் முடித்தார்: வெயில். ஐந்தாவது பெண்ணுக்கு இது மூன்றாவது பிள்ளை. “முந்திய இரண்டுக்கும் வந்தது, போனது, ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை” என்றார்.

கர்ப்பவதிகள் வகுப்பில் இரும்புச்சத்து மாத்திரை, திரிபோஷா சத்துமா, பிரசவ வலி, பால் கொடுக்கும் முறை எல்லாம் விரிவாகச் சொன்னார்கள். மஞ்சள் பற்றி ஒரு வரி வந்தது, அதற்குள் நேரமாகிவிட்டது. இது பயப்படவேண்டிய விஷயமா, இல்லையா?

ரொறன்ரோ சித்தி | திங்கள், இரவு 8.25

பயப்படாதே பிள்ளை. எங்கள் வீட்டில் ஏழு பேரையும் அம்மம்மா வெயிலில் காட்டித்தான் வளர்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பழைய மிஸ்ஸி | திங்கள், இரவு 8.31

மற்றதெல்லாம் நாளைக்குக் கதைப்போம். உப்புவெளிக்காரி, அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது? நாலு நாள் பிள்ளை, மஞ்சள் தெரிகிறது, இரண்டு நாளாகப் பாலுக்கு அழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல நித்திரை இல்லை. இப்போதே எழுந்து போங்கள். பிள்ளையை எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்லுங்கள். எழுப்பக் கஷ்டமாக இருந்தாலோ, உறிஞ்சாமல் வாயைத் திறந்தபடி மறுபடி உறங்கினாலோ, உடம்பு துவண்டு கிடந்தாலோ, கீச்சென்று வித்தியாசமாக அழுதாலோ விடியும்வரை பொறுக்காதீர்கள். ஓட்டோ இல்லாவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், காசு கேட்கமாட்டார்கள். எத்தனை தடவை சலம் போனது, மலம் என்ன நிறம் என்று தாயிடம் கேட்டுக்கொண்டு போங்கள், அங்கே கேட்பார்கள்.

கடற்கரை வீதி | திங்கள், இரவு 8.50

ஒரு கேள்வி கேட்ட பெண்ணை இப்படி இருட்டில் ஓடவைப்பதா? பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் மஞ்சளாகத்தான் இருக்கும். இந்தப் பயமுறுத்தலால்தான் எல்லோரும் தொட்டதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய், பிள்ளையை மஞ்சள் இறக்கும் நீல வெளிச்சத்துக்குக் கீழே விட்டுவிட்டு மூன்று நாள் பிரிந்து கிடக்கிறார்கள்.

உப்புவெளிக்காரி | திங்கள், இரவு 10.40

போனேன். முதலில் அப்பம்மாவுக்கு என்மேல் கோபம். வயிற்றுப் பிள்ளைக்காரி இரவில் படியிறங்கி வந்து இப்படிக் கதைக்கலாமா என்றார். தாய்தான் மெல்லிய குரலில், பால் கட்டி மார்பு கல்லாக இருக்கிறது, பிள்ளை குடிக்கவே இல்லை என்றாள். உள்ளங்காலைத் தேய்த்தோம், ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தோம், கண்ணைத் திறந்து மூடியது, அவ்வளவுதான். காலையிலிருந்து ஒரே ஒரு முறை சலம் போயிருக்கிறது. அறையில் மஞ்சள் பல்ப். அந்த வெளிச்சத்தில் எல்லோருமே மஞ்சளாகத்தான் தெரிந்தோம். ஓட்டோ வந்தது, போய்விட்டார்கள். எனக்குக் கை நடுங்குகிறது.

கிண்ணியா வாப்பா | செவ்வாய், காலை 6.15

தங்கச்சி, விடிந்ததும் முதலில் இதைத்தான் திறந்து பார்த்தேன். அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கு சுகத்தைத் தரட்டும்.

எங்கள் மகனை மூன்றாம் நாளில் வெளிச்சத்தில் வைத்தார்கள். இப்போது ஐந்து வயது, பள்ளிவாசல் சுவரில் ஏறிக் குதிக்கிறான். ஆனால் அந்த இரண்டு நாளும் நாங்கள் பட்ட பாடு மஞ்சளால் இல்லை, ஒன்றும் தெரியாததால். கண்ணைக் கட்டி, பம்பர்ஸை மட்டும் கட்டி, நீல வெளிச்சத்துக்குக் கீழே பிள்ளை கிடக்கிறது. மனைவி அதைக் குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி என்று நினைத்து, பிள்ளை பிழைக்காது என்று முடிவு கட்டிவிட்டார். என் உம்மா, நீல வெளிச்சம் கண்ணைக் குருடாக்கும் என்று ஊரிலிருந்து போனில் அழுதார். வேலையாக ஓடிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் ஒரு தாதி இரண்டு நிமிடம் நின்று, கண்ணைக் கட்டியது வெளிச்சம் படாமல் காப்பதற்கு, பால் கொடுக்கப் பிள்ளையை வெளியே எடுக்கலாம் என்றார். அந்த இரண்டு நிமிடத்தை ஏழாம் மாதத்திலேயே எங்களுக்கு யாராவது தந்திருக்கலாம்.

2009இல் பாலம் திறக்கும்வரை எங்கள் ஊரார் திருகோணமலை நகர ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதைப் படகுக்குக் காத்திருக்கவேண்டும். இப்போது பாலம் இருக்கிறது, ஓட்டோ இருக்கிறது, ஆனால் எப்போது புறப்படவேண்டும் என்பது மட்டும் தெரியாமல் இருக்கிறோம்.

பழைய மிஸ்ஸி | செவ்வாய், காலை 9.05

கடற்கரை வீதிக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறப்பவர்களில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு சிகிச்சையும் தேவையில்லை. இதில் உள்ள சங்கடமே அதுதான். பத்து வீட்டில் ஒன்றும் ஆகாமல் போவதைப் பார்த்துப் பழகிய கண், பதினோராவது வீட்டிலும் அதையே பார்க்கும்.

ஏன் வருகிறது என்று கேட்டார்கள். கருவில் இருக்கும் பிள்ளைக்கு இரத்தச் சிவப்பணு அதிகம். பிறந்து மூச்செடுத்த பிறகு அவ்வளவு வேண்டாம், அவற்றுக்கு ஆயுளும் நம்முடையதைவிடக் குறைவு. அவை உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வெளிப்படுகிறது. வயிற்றுக்குள் இருந்தவரை அது கொடி வழியே தாயிடம் வந்தது, தாயின் ஈரல் கழித்தது. கொடியை அறுத்த நிமிடத்திலிருந்து அது பிள்ளையின் ஈரலுடைய வேலை. புதிதாக உத்தியோகத்தில் சேர்ந்தவர்போல் அது முதல் சில நாட்கள் தடுமாறும். பூசணிக்காய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொற்றவும் தொற்றாது, பெரியவர்களுக்கு வரும் ஈரல் அழற்சி வேறு, இது வேறு. சீம்பாலை ஊற்றச் சொன்ன மாமியாரிடம் யாராவது அன்பாகச் சொல்லுங்கள்: பிலிருபின் வெளியேறும் வழி மலம். பால் உள்ளே போனால்தான் மலம் வெளியே வரும். குடலில் தங்கினால் அது மறுபடி இரத்தத்தில் ஏறும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால். உறங்கினால் எழுப்பிக் கொடுங்கள்.

இனி நாட்கணக்கு. பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அதைச் சாதாரணம் என்று எடுக்கவே கூடாது. சாதாரண மஞ்சள் அதற்குப் பிறகு தெரிந்து, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஏறி, இரண்டு வாரத்துக்குள் இறங்கிவிடும். இப்போது யோசித்துப் பாருங்கள். சுகப்பிரசவம் என்றால் மறுநாளே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் உச்சத்துக்கு ஏறும்போது பிள்ளை எங்கே இருக்கிறது? துடக்கு வீட்டில், திரை போட்ட அறையில், மஞ்சள் பல்புக்குக் கீழே. பக்கத்தில் வைத்தியர் இல்லை, தாதி இல்லை. மருத்துவமாது ஒருநாள் வந்து பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் பார்ப்பது அம்மம்மா, இல்லாவிட்டால் அப்பம்மா. அவரைத்தான் நாங்கள் கிளினிக்குக்கு வெளியே மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே மகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். நானும் முப்பது வருஷம் அப்படித்தான் எடுத்தேன்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நெற்றியில், நெஞ்சில் விரலால் மெதுவாக அழுத்தி எடுத்தால் அடியில் உள்ள நிறம் தெரியும். நம்மைப்போன்ற கறுத்த தோலில் அதுவும் ஏமாற்றும், ஆகவே கண்ணின் வெள்ளையையும் பல் முளைக்கும் முரசையும் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். வயிற்றைத் தாண்டிக் கால்வரை வந்துவிட்டால் கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் எவ்வளவு என்று கண் சொல்லாது, எனக்கும் சொல்லாது. குதிக்காலில் எடுக்கும் ஒரு துளி இரத்தம் சொல்லும். அந்த எண்ணையும் தனியாகப் பார்த்துப் பயன் இல்லை. பிறந்து எத்தனை மணித்தியாலம் என்பதோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஒரே எண் இரண்டாம் நாளில் ஆபத்தாகவும் ஐந்தாம் நாளில் பரவாயில்லாமலும் இருக்கும். அதனால் பிறந்த நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சாதகத்துக்கு மட்டும் இல்லை.

கடற்கரை வீதி | செவ்வாய், காலை 9.40

சரி மிஸ்ஸி. ஆனால் வெயில் முழுப் பொய் என்றால் ஆஸ்பத்திரி வெளிச்சம் மட்டும் எப்படி உண்மை?

பழைய மிஸ்ஸி | செவ்வாய், காலை 10.20

பொய் என்று நான் எங்கே சொன்னேன்? 1956இல் இங்கிலாந்தில் ரொச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் வார்ட் என்ற ஒரு தாதி, குறைமாதப் பிள்ளைகளை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார். ஒருநாள் ஒரு பிள்ளையின் உடம்பில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும் மற்ற இடம் வெளிறியும் இருந்ததை வைத்தியருக்குக் காட்டினார். பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து ஜன்னலோரம் வெயிலில் மறந்து வைத்த கண்ணாடிக் குழாயிலும் பிலிருபின் குறைந்திருந்தது. அங்கிருந்துதான் வெளிச்சச் சிகிச்சை பிறந்து, 1958இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கண்டுபிடித்தவர் ஒரு தாதி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, மன்னிக்கவேண்டும். ஆகவே அம்மம்மாக்கள் முட்டாள்கள் இல்லை.

வெளிச்சத்தில் இருக்கும் நீலம்தான் பிலிருபினின் உருவை மாற்றி, ஈரலின் உதவி இல்லாமலே உடம்பை விட்டு வெளியேறும்படி செய்கிறது. விளக்கில் அந்த நீலம் மட்டும் அளவோடு, உடம்பு முழுவதிலும், மணிக்கணக்காக விழும். வெயிலில் அதோடு சூடும் தோலைச் சுடும் கதிரும் வரும். நைஜீரியாவில் அந்தக் கதிர்களை வடிகட்டும் தாள் போட்ட பந்தலின் கீழ் பிள்ளைகளை வைத்து, பக்கத்திலேயே ஆள் நின்று பார்த்து, விளக்குக்குச் சமமான பலன் கிடைத்தது என்று 2015இல் எழுதினார்கள். அது பந்தல், நம்முடையது சுளகு. பத்து நிமிடம் காட்டினால் மஞ்சள் இறங்கப் போதாது, ஒரு மணித்தியாலம் காட்டினால் பிள்ளை வற்றிப்போகும், வற்றினால் மஞ்சள் ஏறும். வெயிலைச் சிகிச்சையாகப் பயன்படுத்தவேண்டாம் என்று பிரித்தானிய வழிகாட்டி 2010இல் நேரடியாகவே எழுதிவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிய பயம், வெயிலில் வைத்த மன ஆறுதலில் இரண்டு நாள் போய்விடுவது.

கொட்டியாரத்தாள் | செவ்வாய், பகல் 12.10

எனக்கு அந்த இரண்டு நாள் போனது. மகளுக்கு இப்போது பதினொரு வயது. எல்லாம் விளங்கும், சிரிப்பாள். காது கேட்காது. கைகால் அவள் சொன்னபடி கேட்காது. மஞ்சள் மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். இரத்தம் மாற்றினார்கள், பிந்திவிட்டது. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. முதல் வாரத்தில் “என்ன சமத்துப் பிள்ளை, சத்தமே இல்லை” என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். உப்புவெளிக்காரி, நேற்று இரவு நீங்கள் போனீர்கள்.

கோணேசபுரி மாணவி | செவ்வாய், பிற்பகல் 3.30

அக்கா, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நான் இங்கே வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கலாமா என்று கிராமங்களில் எங்களிடம் கேட்பார்கள். பெரியவர்களின் காமாலைக்கு மரபில் சொன்னதைப் பிறந்த பிள்ளையின் வாயில் வைக்கக்கூடாது. கற்கண்டுத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், பிறந்ததும் நாக்கில் வைக்கும் சேனை எல்லாமே அப்படித்தான்: சின்ன வயிறு தண்ணீரால் நிறைந்தால் பாலுக்கு இடம் இல்லை.

கிண்ணியா வாப்பா | செவ்வாய், பிற்பகல் 4.00

ஓதிய தண்ணீரும் அதில் அடங்குமா மகள்?

கோணேசபுரி மாணவி | செவ்வாய், பிற்பகல் 4.05

ஓதி ஊதுங்கள், தலையில் தடவுங்கள். வாய்க்குள் வேண்டாம்.

தம்பலகாமம் நெல்மணி | செவ்வாய், மாலை 6.20

எனக்கு ஓ நெகட்டிவ். கர்ப்பவதிப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுற்றியிருக்கிறார்கள். கணவர் பி பொசிட்டிவ். இதனால் மஞ்சள் வருமா?

பழைய மிஸ்ஸி | செவ்வாய், இரவு 7.45

வரலாம், அதனால்தான் சிவப்பு மை. நீங்கள் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ் என்றால் உங்கள் உடம்பு பிள்ளையின் இரத்தத்தை அந்நியமாகப் பார்க்கப் பழகிவிடக்கூடும். தலைப்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும், அடுத்தது மாட்டிக்கொள்ளும். பிள்ளை பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் உங்களுக்கு அந்தப் பழக்கம் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போடவேண்டும். முன்பு கரு கலைந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் கணக்கில் வரும். இன்னொன்று: தாய் ஓ, பிள்ளை ஏ அல்லது பி என்றால் தலைப்பிள்ளைக்கே மஞ்சள் கெதியாக ஏறக்கூடும். ஓ பொசிட்டிவ் தாய்மாரை யாரும் சிவப்பு மையால் சுற்றுவதில்லை, ஆகவே நீங்களே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்த பிள்ளையை வெளிச்சத்தில் வைத்திருந்தார்களா, 37 வாரத்துக்கு முன் பிறந்ததா, தலையில் இரத்தம் கட்டியிருக்கிறதா, எல்லாம் கேட்கவேண்டியவை.

பிறகு அலுமாரியில் பூச்சிக்குப் போடும் வெள்ளை உருண்டை. அம்மம்மா தன் பிள்ளைகளின் பழைய உடுப்பை அந்த உருண்டையோடு பத்திரமாக வைத்திருந்து, பேரப்பிள்ளைக்கு எடுத்துப் போடுவார். ஜீ-6-பீ-டீ என்ற நொதி பிறவியிலேயே குறைந்த பிள்ளைகள் உண்டு, ஆண்பிள்ளைகளில் அதிகம். அந்த உருண்டையின் ஆவி அவர்களுடைய இரத்தத்தை உடைத்து மஞ்சளைத் திடீரென்று ஏற்றிவிடும். மலேரியா நெடுங்காலம் குடியிருந்த தேசங்களில் இந்தக் குறைபாடு கூடுதலாகக் காணப்படும். இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்டதாக 2016இல் அறிவித்தார்கள். நம்முடைய இரத்தம் அதை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. பழைய உடுப்பை நன்றாகத் தோய்த்துக் காயப்போடுங்கள். வெயிலுக்கு இங்கே ஒரு உருப்படியான வேலை இருக்கிறது.

ரொறன்ரோ சித்தி | செவ்வாய், இரவு 8.30

நான் நேற்று எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், அதற்குக் கீழே வந்த பதில்களோடு சேர்த்தே படிக்கட்டும். என் அக்காவின் பேரனுக்கு ஒரு மாதமாகியும் மஞ்சள் போகவில்லை. பால் நன்றாகக் குடிக்கிறான், எடையும் ஏறுகிறது. தாய்ப்பால் மஞ்சள் என்று விட்டுவிடலாமா?

பழைய மிஸ்ஸி | செவ்வாய், இரவு 8.55

தாய்ப்பால் மஞ்சளாக இருக்கலாம், அது தீங்கில்லை, பாலை நிறுத்தவும் தேவையில்லை. ஆனால் இரண்டு வாரம் தாண்டினால் அதை நீங்களும் நானும் தீர்மானிக்கக்கூடாது. மலம் என்ன நிறம்? சுண்ணாம்போ, வெள்ளைக் களிமண்ணோ போல வெளிறியிருந்தால், சலம் துணியில் மஞ்சள் கறை பிடித்தால், பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்குக் கசாய் என்ற ஜப்பானிய வைத்தியரின் பெயரால் அழைக்கும் ஒரு சத்திரசிகிச்சை இருக்கிறது, 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தாய்வானில் 2004இலிருந்து மல நிறங்களை அச்சடித்த அட்டையைத் தாய்மாருக்குக் கொடுக்கிறார்கள். நாளைக் காலையே காட்டச் சொல்லுங்கள்.

உப்புவெளிக்காரி | வியாழன், மாலை 5.15

பக்கத்து வீட்டுப் பிள்ளை வெளிச்சத்தில் இருக்கிறது. இரத்தம் மாற்றவேண்டி வரும் என்று முதல் இரவு சொன்னார்களாம், பிறகு எண் இறங்கத் தொடங்கியதால் தேவைப்படவில்லை. தாய்க்கு ஓ, பிள்ளைக்கு ஏ. நேற்றுக் காலை பாலுக்கு அழுதான் என்று தாய் போனில் சொன்னாள். காது பரிசோதனைக்கு ஒரு தவணை கொடுத்திருக்கிறார்கள்.

கொட்டியாரத்தாள் அக்கா, உங்கள் பதிவை என் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். கோபம் என்று நினைத்தேன். இன்று பின்னேரம் சந்தைக்குப் போய் வந்தவர் பையிலிருந்து வெள்ளை பல்ப் ஒன்றை எடுத்து, பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறையில் கதிரை போட்டு ஏறித் தானே மாட்டினார். இறங்கி வந்து, அடுத்த கிளினிக் எத்தனையாம் தேதி, தானும் உள்ளே வரலாமா என்று கேட்கிறார். மிஸ்ஸி, விடுவார்களா?

பழைய மிஸ்ஸி | வியாழன், மாலை 5.40

விடாவிட்டால் மருத்துவமாதுவிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். மரத்தடியில் உட்காரவைக்காதீர்கள்.